இளவேனிற் பயணமும் ஓய்வுரிமையும்

பங்குனி பிறந்துவிட்டால் பத்திரிகைகளிலே பயண விளம்பரங்கள் மலியத் தொடங்குகின்றன. யப்பானியச் செரிப்பூ, ஒல்லாந்தின் துலிப் வயல், உரோமாபுரியின் உயிர்த்த ஞாயிறு, வெனிசின் நீர்வீதி, வாஷிங்டனின் பூமரச் சாலை, நமது நுவரெலியாவின் குளிர் என்று உலகத்து எழில்களெல்லாம் ஒரே பக்கத்தில் நிரல்பட வைக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுமாறு வாசகர் அழைக்கப்படுகின்றனர். அழைப்பு அனைவருக்கும் பொதுவானது போலவே தோன்றும். ஆயின், அப்பக்கத்தைப் பார்ப்பவர்களுள் எத்தனை பேருக்கு அத்தேர்வு உண்மையிலே கைகூடும் என்ற வினாவை விளம்பரம் எழுப்புவதில்லை. அதனை எழுப்ப வேண்டியவர்கள் வரலாற்றைப் பயில்வோரே.

எங்கே போவது என்பது இயல்பான ஒரு வினாவாகத் தோன்றலாம். எனினும் மனித வரலாற்றின் மிகப் பெரும் பகுதியில், மிகப் பெரும்பாலான மக்கள் அவ்வினாவைக் கேட்கும் நிலையில் இருந்ததில்லை. அவ்வாறு கேட்பதற்கு மூன்று வேண்டும். முதலாவது, வேலையினின்றும் விடுபட்ட நாட்கள். இரண்டாவது, சென்று திரும்புவதற்கான பொருளும் ஊர்தியும். மூன்றாவது, இருக்கும் இடத்தை விட்டு நீங்கவும் விரும்பிய இடத்துட் புகவும் தடையில்லாத உரிமை. காலம், வசதி, உரிமை ஆகிய இம்மூன்றும் யாரிடம் இருந்தன, பிறர் அவற்றை எவ்வாறு பெற்றனர், இன்னும் பெறாதவர் யாவர் என்பதே இளவேனிற் பயணத்தின் வரலாறாகும்.

நம் இலக்கிய மரபிலும் வேனிலுக்கும் பயணத்துக்கும் நெருங்கிய தொடர்புண்டு. தொல்காப்பியம் பாலைத் திணைக்கு வேனிலையும் பின்பனியையும் பெரும்பொழுதாக வகுத்தது. அத்திணைக்குரிய பொருள் பிரிவு. ஓதலும் பகையும் தூதும் பொருளீட்டலுமே தலைவனை வீட்டினின்றும் அகற்றின. இன்பம் நாடி அவன் வழிநடக்கவில்லை. மரங்கள் பூத்துக் குயில் கூவும் காலத்தும் அவன் திரும்பவில்லையே எனத் தலைவி வருந்துவதே பாலைக்கலியிற் பல பாடல்களின் சூழல். அங்கே இளவேனில் புறப்படுங் காலமன்று. திரும்பி வந்திருக்க வேண்டிய காலம். சிலப்பதிகாரத்திலோ சித்திரையில் எடுத்த இந்திர விழாவின் பின்னர்ப் புகார் நகரத்தார் கடலாடச் செல்கின்றனர். கோவலன் அத்திரியிலும் மாதவி வையத்திலும் ஏறிச் செல்லும் அப்பயணம் ஓய்வை நாடிய பயணமே. ஆயின், அதன் பின்னே நிற்பது கடல் வணிகத்தால் வளம்பெற்ற ஒரு நகரத்தின் செல்வம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

நிலமானியச் சமுதாயத்தில் உழைக்கும் மக்களுக்குத் தூரப் பயணத்தின் கதவை ஓரளவு திறந்துவிட்டது சமயமே. இங்கிலாந்திலே பதினான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சோசர் இயற்றிய கன்ரபெரிக் கதைகள், ஏப்ரல் மாதத்தில் யாத்திரை புறப்படும் ஒரு குழுவை நமக்குக் காட்டுகின்றன. போர்வீரனும் துறவியும் வணிகனும் மாவாலைக்காரனும் சமையற்காரனும் ஒரே வழியிற் செல்கின்றனர். இக்காட்சியை மட்டுங் கண்டு, அக்காலத்து மக்கள் யாவரும் விரும்பியவாறு நடமாடினர் என்று முடிவுசெய்தல் தவறாகும். அதே காலப்பகுதியில், 1388 ஆம் ஆண்டில், கேம்பிரிட்ஜ் நகரிற் கூடிய பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றிற்று. தொழிலாளரும் ஏவலாளரும் அனுமதிக் கடிதமின்றித் தம் வட்டாரத்தை விட்டு வேற்றிடத்தில் வேலைக்குச் செல்லலாகாது என்றும், யாத்திரை செல்வதற்குங்கூட அக்கடிதம் வேண்டுமென்றும் அது விதித்தது. கொள்ளைநோயால் மக்கள் தொகை குறைந்து கூலி உயர்ந்த காலம் அது. உழைப்பாளியின் கால்கள் தம் நிலத்திலேயே நிலைத்திருக்க வேண்டுமென நிலவுடைமையாளர் விரும்பினர். யாத்திரை என்ற பெயரால் அவன் நல்ல கூலியைத் தேடிச் சென்றுவிடுவான் என்ற அச்சமே அச்சட்டத்தை எழுதுவித்தது.

யப்பானில் இதே நிலை இன்னும் தெளிவாகப் புலனாகிறது. தொக்குகாவா ஆட்சிக் காலத்தில் சாதாரண மக்கள் பயணஞ் செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். நெடுஞ்சாலைகளிற் சோதனைச் சாவடிகள் இருந்தன. இசே ஆலய யாத்திரைக்கு மாத்திரம் அதிகாரிகள் ஓரளவு இடங்கொடுத்தனர். 1830 ஆம் ஆண்டின் இளவேனிலில், சிகொக்குத் தீவின் அவா மாகாணத்திலிருந்து தொடங்கிய ஒரு யாத்திரை வெள்ளம் சில மாதங்களுள் நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களை இசேக்குக் கொண்டு சேர்த்தது. நாட்டின் மொத்த மக்கள் தொகை ஏறத்தாழ மூன்று கோடியாக இருந்த காலம் அது. அவ்வெள்ளத்தில் வேலைக்காரர் எசமானரிடம் சொல்லாமலே சென்றனர். பிள்ளைகள் பெற்றோரிடமும், மனைவியர் கணவரிடமும் அனுமதி பெறாமற் சென்றனர். பலர் கையில் இருந்தது நீர் முகக்கும் ஒரு மரக் கரண்டி மாத்திரமே. வழியிலுள்ளோர் உணவும் உறைவிடமும் அளித்தனர். பக்தி அதன் வெளித்தோற்றம். ஆண்டு முழுவதும் பிறர் ஏவலில் வாழ்ந்தோர் சில வாரங்கள் தம் கால்களுக்குத் தாமே உடையவராயினர் என்பது அதன் உட்பொருள்.

இன்று உலகப் பயணிகளைப் பெரிதும் ஈர்க்கும் செரிப்பூக் காட்சியின் வரலாறும் இத்தகையதே. 1598 ஆம் ஆண்டு வசந்தத்தில் தொயொத்தொமி ஹிதெயொசி கியோத்தோவை அடுத்த தைகோ ஆலயத்தில் எழுநூறு செரி மரங்களை நாட்டுவித்து, ஆயிரத்து முந்நூறு பேரளவில் அழைத்துப் பெருவிருந்து நடத்தினான். அது ஆள்வோர் தம் வலிமையைக் காட்டிய விழா. பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எட்டாவது சோகுன் யொசிமுனே, இன்று தோக்கியோ எனப்படும் எதோ நகரின் புறத்தே அசுக்காயாமாக் குன்றில் மரங்களை நாட்டி நகர மக்களுக்குத் திறந்துவிட்டபோதே அப்பூ பொதுமக்களின் இளவேனிற் பொழுதுபோக்காக நிலைபெற்றது. பூ ஒன்றே, அதைக் காணச் சென்றோர் வேறு. சுற்றுலாத் தலத்தை இயற்கை மட்டும் ஆக்குவதில்லை. எவர்க்கு அது திறக்கப்பட்டது என்பதும் சேர்ந்தே அதனை ஆக்குகிறது.

ஐரோப்பாவில் எங்கே போவது என்ற வினாவைச் சமயத்தின் துணையின்றி முதலில் விரிவாகக் கேட்டவர்கள் ஆங்கில நிலப்பிரபுக்களின் மைந்தர்களே. 1670 இல் ரிச்சட் லசெல்ஸ் என்னும் கத்தோலிக்கக் குரு எழுதிய இத்தாலியப் பயண நூலில் 'பெரும் பயணம்' என்ற தொடர் இடம்பெற்றது. அதன்பின் நூறாண்டுக்கு மேலாக அது பிரபு குலக் கல்வியின் இறுதிப் பகுதியாக விளங்கிற்று. ஆசிரியர் ஒருவரும் ஏவலாளரும் உடன்செல்ல, பாரிசு, புளோரன்சு, உரோமாபுரி, நேப்பிள்சு, வெனிசு ஆகிய நகரங்களில் ஓராண்டோ ஈராண்டோ கழித்தனர். பரிசுத்த வாரத்துக்கு உரோமாபுரி, விண்ணேற்றத் திருநாளுக்கு வெனிசு என்று வசந்த காலத்துக்கான இடங்களை முதன்முதல் நிரல்படுத்தியவர்களும் இவர்களே. இன்றைய பயண ஏடுகளின் பட்டியலிற் பாதி அவர்கள் கைவழி வந்தது.

அப்பயணத்துக்கான பொருள் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நிலவாடகையிலிருந்து, சிலர்க்கு அதனினும் கொடிய ஓர் ஊற்றிலிருந்து. 1780 இல் ஐரோப்பியப் பயணம் மேற்கொண்டு, பின்னர் அதனை அழகிய உரைநடையில் எழுதிய வில்லியம் பெக்போட் என்பவர், ஜமேக்காவில் இருந்த கரும்புத் தோட்டங்களுக்கும் அங்கு உழைத்த அடிமைகளுக்கும் உரிமையாளராயிருந்த தந்தையின் செல்வத்துக்கு வாரிசானவர். இத்தாலியின் வசந்தத்தை அவர் சுவைத்தார். அதற்கான விலையை, கப்பலில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்கள் செலுத்தினர். பயணம் செய்தவரும் பயணம் செய்விக்கப்பட்டவரும் ஒரே பொருளாதார அமைப்பின் இரு முனைகளில் நின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பிரபுக்களின் இடத்தில் செல்வந்த வணிகரும் ஆலையுடைமையாளரும் வந்துசேர்ந்தனர். மத்தியதரைக் கடலோரத்து நீஸ் நகரம் அவர்களது மாரிக்கால, வசந்தகால இல்லமாயிற்று. அந்நகரின் புகழ்பெற்ற கடற்கரை வீதிக்கு 'ஆங்கிலேயர் உலாவீதி' என்று பெயர். 1820களில், கடுங்குளிரால் தோடை மரங்கள் பட்டுப்போய் வேலையிழந்து பிச்சைக்கு வந்த ஏழை மக்களைக் கொண்டு, அங்கு வாழ்ந்த ஆங்கிலேயர் தம் பணத்தில் அமைப்பித்த பாதை அது. பாதை அமைத்தவர்க்கு அன்றைய கூலி கிடைத்தது. அமைப்பித்தவர்க்குப் பெயர் நிலைத்தது. 1864 இல் புகையிரதம் நீசை அடைந்தது. விக்டோரியா மகாராணி 1895 முதல் 1899 வரை ஆண்டுதோறும் வசந்தத்தை அந்நகரின் சிமியே மேட்டிற் கழித்தார். அரசி சென்ற இடமே செல்வர் செல்லும் இடமாயிற்று.

வசதியைப் பரவலாக்கியதில் புகையிரதத்துக்கு இணையாக வேறொன்றும் இல்லை. 1841 யூலை 5 ஆம் தேதி, மதுவிலக்குப் பிரசாரகரும் தச்சுத் தொழில் பயின்றவருமான தோமஸ் குக், லெஸ்ரர் நகரிலிருந்து லவ்பரோ என்னும் ஊருக்கு ஏறத்தாழ ஐந்நூறு பேரை ஒரு ஷிலிங் கட்டணத்தில் அழைத்துச் சென்றார். சாராயக் கடைக்கு மாற்றாகத் தொழிலாளருக்கு ஒரு நாட் பயணம் என்பதே அவர் நோக்கம். 1851 இல் இலண்டனில் நடந்த பெருங் கண்காட்சிக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் அவர் ஏற்பாட்டிற் சென்றனர். 1863 இல் சுவிற்சர்லாந்து, 1869 இல் எகிப்தும் பலஸ்தீனமும், 1872 இல் உலகைச் சுற்றிய 222 நாட் பயணம் என்று அவர் வழி நீண்டது.

குக் என்பவரின் முற்போக்கான பங்கை மறுத்தல் நீதியன்று. பிரபுக்களின் தனிச்சொத்தாக இருந்ததை எழுதுவினைஞரும் ஆசிரியரும் தனித்துச் செல்லும் பெண்களும் பெறுமாறு அவர் செய்தார். எனினும் அவர் தொடங்கிய நிறுவனம் ஏகாதிபத்தியத்தின் பாதையிலேயே விரிந்தது என்பதும் உண்மை. 1882 இல் பிரித்தானியா எகிப்தைக் கைப்பற்றியது. 1884 இல் கார்த்தூமில் முற்றுகையிடப்பட்ட ஜெனரல் கோடனை மீட்கச் சென்ற படையை நைல் நதியில் ஏற்றிச் செல்லும் ஒப்பந்தம் குக் நிறுவனத்துக்கே கிடைத்தது. பயணிகளை ஏற்றிய நதிவழியே படையும் சென்றது. 178 ஆண்டுகள் நிலைத்த அந்நிறுவனம், கடன் சுமை தாங்காது 2019 செப்டெம்பர் 23 ஆம் தேதி வீழ்ச்சியுற்றபோது, ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பிரித்தானியப் பயணிகளை அரசாங்கமே விமானங்களை அமர்த்தி வீடு சேர்த்தது. ஆயிரக்கணக்கான ஊழியர் ஒரே நாளில் வேலையிழந்தனர்.

புகையிரதம் மலிந்தபோதும் தொழிலாளி அதில் ஏறுவதற்கு நாள் இல்லை. 1871 இல் ஜோன் லபொக் முயற்சியால் இங்கிலாந்தில் நிறைவேறிய வங்கி விடுமுறைச் சட்டம் நான்கு நாட்களைப் பொது விடுமுறையாக்கிற்று. அவற்றுள் உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த திங்களும், பெந்தகொஸ்தேக்கு அடுத்த திங்களும் வசந்த காலத்தன. ஆயினும் நாட்கூலி பெறுவோர் பலருக்கு விடுமுறை என்பது கூலியற்ற நாளே. கடற்கரைக்குச் செல்லலாம், அன்று அடுப்பெரிவது ஐயம்.

நாள் கிடைத்தவர்க்கும் நிலம் கிடைக்கவில்லை. மஞ்செஸ்ரர், ஷெபீல்ட் ஆகிய தொழில் நகரங்களுக்கிடையே பீக் மலைப்பகுதி உள்ளது. புகையும் தூசும் நிறைந்த ஆலைகளில் ஆறு நாள் உழைத்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை சென்று காற்று வாங்கத்தக்க இடம் அது. ஆயின், அதன் மேட்டுநிலத்திற் பெரும்பகுதி பிரபுக்களின் பறவை வேட்டைக்காக அடைக்கப்பட்டிருந்தது. 1932 ஏப்ரல் 24 ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, இருபது வயதுத் தொழிலாளி பெனி ரொத்மன் தலைமையில் சில நூறு இளைஞரும் யுவதிகளும் ஹேபீல்ட் கிராமத்திலிருந்து புறப்பட்டுத் தடையை மீறிக் கிண்டர் மேட்டில் ஏறினர். காவலருடன் கைகலப்பு நேர்ந்தது. கைதானவருள் ஐவர்க்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை விதிக்கப்பட்டது. ரொத்மன் நான்கு மாதம் பெற்றார். அவரது இளவேனிற் பயணம் சிறையிலே முடிந்தது. ஆனால் அத்தீர்ப்பு எழுப்பிய கோபம் அடங்கவில்லை. 1949 இல் தேசியப் பூங்காக்கள் பற்றிய சட்டம் நிறைவேறியது. 1951 இல் பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது அதே பீக் பகுதியே. இன்று வசந்தத்தில் அங்கு நடக்கச் செல்வோர், அடைத்த வழியைத் திறந்தவர்களின் அடிச்சுவட்டிலேயே நடக்கின்றனர்.

காலம் என்னும் முதல் நிபந்தனையை உழைப்பாளர் வென்றெடுத்த வரலாற்றில் 1936 ஆம் ஆண்டு ஒரு திருப்பம். பிரான்சில் மக்கள் முன்னணி தேர்தலில் வென்றதும், மே மாதத்தில் லெ ஹாவ்ர் துறைமுக நகரின் விமானத் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் நாடெங்கும் பரவியது. ஏறத்தாழ இருபது இலட்சம் தொழிலாளர் பங்குகொண்டனர். அவ்வாண்டு வசந்தத்தில் அவர்கள் சென்று தங்கிய இடம் மலையுமன்று, கடற்கரையுமன்று. தாம் வேலை செய்த தொழிற்சாலைகளே. வாயில்களை அடைத்து, இயந்திரங்களின் அருகே படுத்துறங்கி, இசைக் கருவிகளை வாசித்து ஆடிப்பாடி அவற்றைத் தம் வசம் வைத்திருந்தனர். யூன் 20 ஆம் தேதிச் சட்டம் ஓராண்டு வேலை செய்த ஒவ்வொருவருக்கும் சம்பளத்துடன் பதினைந்து நாள் விடுமுறை அளித்தது. ஓய்வுக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட இளம் துணையமைச்சர் லெயோ லக்ராஞ்சு, புகையிரதக் கட்டணத்தில் நாற்பது வீதக் கழிவு பெற்றுக்கொடுத்தார். முதலாண்டிலேயே ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் அச்சீட்டிற் பயணஞ் செய்தனர். பலர் சென்றது உறவினர் வாழும் கிராமத்துக்கே. கடலை அதற்குமுன் கண்டிராதவர் கடலைக் கண்டனர். நம் கடற்கரைகளை இவர்கள் கெடுத்துவிட்டனர் என்று செல்வர் பத்திரிகைகள் புலம்பின. நீசின் உலாவீதி யாருடையது என்ற வினா அன்றுதான் முதன்முறை உரத்துக் கேட்கப்பட்டது.

அதே யூன் மாதத்தில் ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழில் மகாநாடு சம்பள விடுமுறை பற்றிய உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டது. 1938 இல் பிரித்தானியா அதற்கெனச் சட்டமியற்றியது. 1948 இல் ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனம் தன் 24 ஆம் பிரிவில் ஓய்வையும், காலத்துக்குக் காலம் சம்பளத்துடனான விடுமுறையையும் மனிதர் ஒவ்வொருவரின் உரிமையாக அறிவித்தது. பிரான்சில் இரண்டு வாரம் 1956 இல் மூன்றாகவும், 1969 இல் நான்காகவும், 1982 இல் ஐந்தாகவும் வளர்ந்தது. இலங்கையில் 1954 ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் ஆண்டுக்குப் பதினான்கு நாட் சம்பள விடுமுறையை உறுதிசெய்தது. இவற்றுள் ஒரு நாளேனும் தானாகக் கனிந்து விழுந்ததில்லை.

விடுமுறை கிடைத்தால் மாத்திரம் போதுமா என்பதற்கு ஜேர்மனி விடை தந்தது. 1933 மே 2 ஆம் தேதி நாஜிகள் சுதந்திரத் தொழிற்சங்கங்களை நசுக்கினர். அவ்வாண்டு நவம்பரிலேயே 'மகிழ்ச்சியின் மூலம் வலிமை' என்ற பெயரில் தொழிலாளரை உல்லாசப் பயணம் அழைத்துச் செல்லும் நிறுவனத்தைத் தொடங்கினர். நோர்வேயின் கடற்கரைகளுக்கும் மதேராத் தீவுக்கும் கப்பல்கள் சென்றன. உரிமையைப் பறித்த கை உல்லாசத்தை நீட்டியது. அந்நிறுவனத்துக்கெனக் கட்டப்பெற்ற வில்கெல்ம் குஸ்லொவ் என்னும் கப்பல், போர் தொடங்கியதும் கடற்படையிடம் சென்றது. 1945 சனவரியில், அகதிகளால் நிரம்பிய நிலையில் போல்ற்றிக் கடலில் மூழ்கடிக்கப்பட்டு ஆயிரக்கணக்கானோரை மாய்த்தது. தாம் செல்லும் திசையைத் தீர்மானிக்கும் உரிமை இல்லாத மக்களுக்குப் பயணச் சீட்டினால் விடுதலை கிட்டுவதில்லை.

இனி, மூன்றாவது நிபந்தனையாகிய உரிமையை நோக்குவோம். வாஷிங்டன் நகரின் வசந்தப் பெருவிழாவுக்குக் காரணமான செரி மரங்கள், 1912 இல் தோக்கியோ நகரபிதா யுக்கியோ ஒசாக்கி நட்பின் அடையாளமாக அனுப்பியவை, 3,020 மரங்கள். அமெரிக்கா அம்மரங்களை வரவேற்றது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1924 ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம், அம்மரங்கள் வளர்ந்த நாட்டின் மக்களுக்கு அமெரிக்காவிற் குடியேறும் வாயிலை அடைத்தது. பூவுக்குக் கிடைத்த இடம் மனிதருக்குக் கிடைக்கவில்லை. யப்பானியச் சாதாரண மக்கள் வெறும் சுற்றுலாவுக்கென வெளிநாடு செல்ல அவர்களுடைய அரசாங்கமே அனுமதித்தது 1964 ஏப்ரல் 1 ஆம் தேதியிலிருந்துதான். எடுத்துச் செல்லும் பணத்துக்கு ஐந்நூறு டொலர் என்ற எல்லை இருந்தது. இன்றும் கடவுச்சீட்டின் நிறத்தை ஒட்டியே உலகப்படம் விரிகிறது, சுருங்குகிறது. ஓர் ஐரோப்பியர் நினைத்த மாத்திரத்தில் தேர்ந்துகொள்ளும் நாட்டுக்கு, நம்மவர் வங்கிக் கணக்கையும் வேலை உறுதிக் கடிதத்தையும் சமர்ப்பித்துத் தூதரக வாயிலிற் காத்திருக்க வேண்டியுள்ளது.

கடவுச்சீட்டே இல்லாதவரின் நிலை என்ன? அதனை அறிய நாம் தூரம் செல்ல வேண்டியதில்லை. நமது வசந்தத் தலமாகிய நுவரெலியா அதனைக் கூறும். 1820களின் இறுதியில் தேசாதிபதி எட்வேட் பாண்ஸ், நோயுற்ற பிரித்தானியர் உடல்தேறும் இடமாக அதனை அமைத்தார். 1840 ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், எழுத்துமூல உரிமையைக் காட்ட இயலாத கண்டிக் கிராமத்தவரின் காட்டையும் சேனையையும் முடிக்குரியதாக்கி, மலைநாட்டைத் தோட்டத்துரைமாருக்குத் திறந்துவிட்டது. மலைநாட்டுக் காட்டை அழித்துக் கோப்பியும் பின்னர்த் தேயிலையும் நாட்டவும், பாதையும் புகையிரதப் பாதையும் அமைக்கவும் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து மக்கள் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்த அம்மக்களுட் பலர் வாந்திபேதியாலும் அம்மையாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மடிந்தனர். 1885 இல் புகையிரதம் நானுஓயாவை அடைந்தபின், கீழ்நாட்டு வெப்பத்துக்குத் தப்பி ஏப்ரல் மாதத்தில் மேலேறுவது துரைமாரின் வழக்கமாயிற்று. கொழும்புச் செல்வரும் அதனைப் பின்பற்றினர். குதிரைப் பந்தயமும் மலர்க் கண்காட்சியும் கழக விருந்துகளும் சேர்ந்து ஏப்ரலை 'சீசன்' ஆக்கின.

ஏரியைச் சுற்றி உலாவுவோர் கண்டு வியக்கும் பசுமை தானாக முளைத்ததன்று. நிரை பிடித்து நின்று கொழுந்தெடுக்கும் கைகள் வளர்த்தது. அக்கைகளுக்குரியோரின் பிரஜாவுரிமையை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா ஏற்கவும், மூன்று இலட்சம் பேரை இலங்கை ஏற்கவும் வகைசெய்தது. நூறாண்டு உழைத்த மலையைவிட்டுத் தலைமன்னாரிற் கப்பலேறுதலே அரசாங்கங்கள் அவர்களுக்குத் தேர்ந்தளித்த வெளிநாட்டுப் பயணம். எஞ்சியோர்க்குப் பிரஜாவுரிமை முழுமையாகக் கிட்ட 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கூடையைத் தலையிற் கொளுவிப் புன்னகைக்கும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் இலங்கைச் சுற்றுலா விளம்பரங்களிலே பல்லாண்டாக இடம்பெற்று வருகிறது. அவள் படம் உலகெங்கும் போயிற்று. அவள் தன் விருப்பத்தால் ஓய்வெடுக்கப் போன இடம் எது? அவளுக்கு மலைநாட்டின் சீசன் வேலைக்கு விடுத்த அழைப்பன்றி வேறென்ன?

இன்று பயணம் பெருகியுள்ளது. பயணஞ் செய்வோர் தொகையும் முன்னொருபோதும் இல்லாதவாறு உயர்ந்துள்ளது. அதனோடு ஒரு புதிய முரண்பாடும் தோன்றியுள்ளது. 2024 ஏப்ரல் 25 ஆம் தேதி முதல், நெருக்கடியான நாட்களில் வந்து அன்றே திரும்பும் பயணிகளிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் அறவிடும் முறையை வெனிசு நகரம் தொடங்கியது. அவ்வாண்டே கியோத்தோவின் கியோன் பகுதி மக்கள், தம் தனியார் ஒழுங்கைகளிற் பயணிகள் நுழைவதைத் தடைசெய்தனர். குடியிருந்த வீடுகள் பயணிகளின் விடுதிகளாகி வாடகை உயர, அந்நகர்களிலே பிறந்தோர் அங்கே வாழ இயலாத நிலை உருவாகின்றது. இதனைக் கண்டு, எல்லாரும் பயணஞ் செய்யத் தொடங்கியதே கேட்டுக்குக் காரணம் எனச் சிலர் கூறுகின்றனர். 1936 இல் தொழிலாளர் கடற்கரைக்கு வந்தபோது கேட்ட அதே புலம்பலே இது. கேட்டின் வேர் மக்கள் தொகையில் இல்லை. ஊரையும் வீட்டையும் பூவையும் இலாபத்துக்குரிய சரக்காக மாத்திரம் கருதும் அமைப்பில் உள்ளது. ஐந்து யூரோக் கட்டணம் செல்வரைத் தடுக்காது, வறியவரையே தடுக்கும்.

எனவே, பயணம் வீண் ஆடம்பரமென ஒதுக்குதல் நம் நோக்கமன்று. பிற மக்களின் வாழ்வைக் கண்ணாற் காண்பதும், கடலையும் மலையையும் கண்டு களைப்பாறுவதும் மனிதரின் அடிப்படைத் தேவைகள். அவை சிலருக்கே உரியனவாய் இருந்தமையே குறை. ஆகையால் இளவேனிலில் எங்கே செல்வது என்று சிந்திக்க வாய்த்தவர்கள், இடத்தின் அழகையும் செலவையும் விசாரிப்பதோடு இன்னுஞ் சில வினாக்களையும் கேட்டல் தகும். அவ்விடத்தை அழகாக்கியவர் யார்? அங்கு நம் படுக்கையை விரிப்பவர்க்கும் உணவு பரிமாறுபவர்க்கும் சம்பள விடுமுறை உண்டா? நாம் செலுத்தும் பணம் அவ்வூரவர் கையிற் சேருகிறதா? நாம் செல்வதால் யாராவது தம் வீட்டை இழக்கின்றனரா? இவ்வினாக்களின் விடையை ஒட்டி இடத்தைத் தேர்தல், பயணத்தின் இன்பத்தைக் குறைக்காது. அதற்கு ஒரு பொருளைத் தரும்.

அதனினும் முதன்மையான கடமை ஒன்றுண்டு. நம்மிடையே நாட்கூலி வேலை செய்வோர், வீட்டுப் பணியாளர், தோட்டத் தொழிலாளர் ஆகியோருட் பலருக்கு, போதிய சம்பளத்துடன் கூடிய ஓய்வு நாட்கள் இன்னும் சட்டப் புத்தகத்தில் உள்ள அளவுக்கு வாழ்விற் கிட்டவில்லை. கிண்டர் மேட்டில் ஏறியவர்களும், பிரெஞ்சுத் தொழிற்சாலைகளில் உறங்கியவர்களும் தமக்காக மாத்திரம் போராடவில்லை. நாம் இன்று இயல்பாக அனுபவிக்கும் விடுமுறை அவர்கள் தேடிவைத்தது. அதனை எஞ்சியோர்க்கும் பெற்றுக்கொடுத்தலே அக்கடனைத் தீர்க்கும் வழி. கொழுந்தெடுக்கும் பெண்ணும் தன் பிள்ளைகளோடு அமர்ந்து, இவ்வாண்டு எங்கே போகலாம் என்று கேட்கும் நாளில்தான் இளவேனில் அனைவருக்கும் பொதுவான பருவமாகும்.